மேஷ்பீயின் மூலப்பத்திரம்

காஞ்சிபுரத்தில் நிலம் வாங்குகிறவர் எவரும் பஞ்சாட்சரத்தைத் தாண்டிப் போக முடியாது என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. ஊரில் பத்திர எழுத்தர்கள் இன்னும் முப்பது பேராவது இருப்பார்கள். ஆனால் சிக்கல் பிடித்த சொத்து, அண்ணன் தம்பி தகராறு, கையெழுத்துப் போட்டவரே காணாமல் போன கேஸ் என்று ஏதாவது வந்தால், அந்த முப்பது பேரும் கை காட்டுகிற இடம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவருடைய அறைதான். ஐம்பத்தேழு வயது. நெற்றியில் பட்டையாக விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. முப்பது வருடத்து வில்லங்கம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட எழுத மாட்டார். அதற்கு முந்தைய மூலப்பத்திரம் எங்கே என்பார். அதைக் காட்டினால் அதற்கு மூலம் எங்கே என்பார். "யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சு? அத மொதல்ல சொல்லு" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வருகிற வாக்கியம். அப்பேர்ப்பட்ட மனுஷர், சொந்த மகள் கல்யாண விஷயத்தில் மாப்பிள்ளையின் ஊரைக்கூட ஒழுங்காக விசாரிக்காமல் கோட்டை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும், நடந்தது அதுதான்.

மகள் இளவரசி பாஸ்டனில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரே பெண், இருபத்தொன்பது வயது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் செய்து, சுற்றி வளைக்காமல், "பா, நான் ஒருத்தர விரும்புறேன்" என்றாள்.

பஞ்சாட்சரம் நாற்காலி நுனிக்கு வந்தார். "வெள்ளைக்காரனா?"

"இல்லபா. இந்தியன்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லு! பேரு இன்னா?"

"நேதன்."

லைன் கொரகொரவென்று இருந்தது. தெளிவாகவே இருந்திருந்தாலும் காஞ்சிபுரத்துக் காதில் அது வேறெப்படி விழும்? "நாதனா! ஏகாம்பரநாதரே பாத்து அனுப்பிச்ச மாதிரி இருக்குது. எந்த ஊரு?"

"மேஷ்பீ. கடலோரம்பா, சின்ன ஊரு. அங்கேயே மீன் வளத் துறைல வேலை." அதற்குள் லைன் அறுந்து போயிற்று.

பெயர் நாதன், ஊர் பெயர் தமிழாக இல்லை, கடலோரம், மீன். பஞ்சாட்சரம் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். அன்றைக்கே ஓரிக்கையில் இருக்கும் அக்கா மணியம்மாளுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை ஆந்திராவுக்கா. கோதாவரிப் பக்கம் மேஷ்பீன்னு ஒரு ஊராம்" என்று சொல்லிவிட்டார். கோதாவரி அவருடைய சொந்தச் சரக்கு. மறுநாள் ஓரிக்கை முழுக்க அந்தக் கோதாவரி ஓடியது.

இரண்டு நாள் கழித்து மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆற்றில் நின்று சிரிக்கிறான் பையன். மாநிறம், அகன்ற முகம். கையில் வலை. தலைமுடி பின்னி இடுப்பு வரை தொங்குகிறது. மனைவி சம்பூர்ணம் தறிக்குழியில் இருந்து எழுந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். நெசவாளர் சொசைட்டிக்குப் புடவை நெய்து கொடுக்கிறவள். எதையும் முதலில் நிறத்தை வைத்துத்தான் எடை போடுவாள்.

"நல்லா களையாத்தான் இருக்கான். முடிதான் என்னுத விட நீளம்."

"திருப்பதிக்கு வேண்டிக்கினு வளக்கிறானோ என்னமோ" என்றார் பஞ்சாட்சரம், மாப்பிள்ளையின் பக்தியில் பூரித்துப் போய்.

அடுத்த ஞாயிறு உண்மை வெளியே வந்தது. இளவரசி போன் ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "பா, அம்மா சொன்னாங்க, நீங்க அத்தைகிட்ட ஆந்திரான்னு சொல்லிட்டீங்களாம். அவன் இந்தியன்தான், ஆனா நம்ம இந்தியன் இல்லபா. அமெரிக்காவோட இந்தியன். கொலம்பஸ் நம்ம நாட்டுக்குத்தான் வந்துட்டோம்னு நெனச்சு பேர் வெச்சாரே, அவங்க. வாம்பனோவாக்னு பேரு. அந்தக் கடலோரத்துல பன்னெண்டாயிரம் வருஷமா இருக்காங்க. அவங்க ஊர்ல அவங்களே இந்தியன்னு சொல்லிக்கிறதக் கேட்டு எனக்கும் வாயில வந்துடுச்சு."

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"அப்போ கோதாவரி?" என்றார் பஞ்சாட்சரம், ஈனஸ்வரத்தில்.

"எந்தக் கோதாவரிபா?"

ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் போன ஒரு மனிதன் செய்த அதே தவறை, அதே சொல்லை வைத்து, பிள்ளையார்பாளையத்து வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தாமும் செய்திருக்கிறோம் என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

இளவரசி தொடர்ந்தாள். குரல் மாறியிருந்தது. "மூணு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம், அவனோட அம்மா ரூத் உங்ககிட்ட வீடியோல பேசணும்னு கேக்குறாங்க. பா, நீங்க வேணாம்னா நான் சண்டை போட மாட்டேன். உங்க சம்மதம் இல்லாம பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன். அவ்ளோதான்."

சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. பெண்ணை இழந்துவிடுவோமோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அறிந்த வழி ஒன்றுதான். "நான் வில்லங்கம் பாக்கணும்" என்றார்.

"எனக்கு சம்மதம்" என்று உள்ளே இருந்து சம்பூர்ணம் குரல் கொடுத்தாள். "பையன் சிரிக்கிறதப் பாத்தாலே தெரியுது. இந்த வூட்ல இருக்கிற ஒரே வில்லங்கம் நீங்கதான்." தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அமெரிக்காவைப் பற்றிப் பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்தது மூன்று விஷயம். வாஷிங்டன், லிங்கன், விசா. இதை வைத்துக்கொண்டு எந்தச் சொத்தையும் முடிக்க முடியாது. திங்கட்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் போனார். நூலகர் சுகாசினி அவருக்குத் தெரிந்த பெண்தான். அவளுடைய மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினையை எழுதியவரே அவர். அவள் அலமாரி அலமாரியாகத் தேடி, குழந்தைகளுக்கான ஜனாதிபதிகள் புத்தகம் ஒன்றும், பழைய உலக வரலாறு ஒன்றும் எடுத்து வந்தாள். உலக வரலாற்றில் அமெரிக்காவுக்கு ஒன்பது பக்கம். முதல் வரியிலேயே கொலம்பஸ் வந்து இறங்கிவிட்டார்.

"இவரு யாருகிட்ட இருந்தும்மா வாங்கினாரு?"

"வாங்கல சார். கண்டுபிடிச்சாரு."

"ஆளுங்க குடியிருக்கிற எடத்த எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? நாளைக்கு நான் உன் வூட்டுக்கு வந்து, ஒரு கொடியை நட்டு, கண்டுபிடிச்சேன்னு சொன்னா வுடுவியா?"

சுகாசினி சிரித்துவிட்டாள். பிறகு அந்த முதல் வரியை அவளும் இன்னொரு தரம் படித்துப் பார்த்தாள். "நான் இத்தன வருஷமா இதை அலமாரில வெச்சிருக்கேன் சார், தோணவே இல்ல" என்றாள்.

வரும் வழியில் இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "சொத்து: மேஷ்பீ கிராமம், அமெரிக்கா. பார்வை: ஆதி முதல்" என்று முத்து முத்தாக எழுதினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஆண்டு, யாரிடமிருந்து, யாருக்கு, எந்த ஆதாரம், படிக்க வேண்டிய புத்தகம் என்று ஐந்து பத்தி. சரித்திரம் படிக்கிறவர்கள் பழசில் இருந்து புதுசுக்கு வருவார்கள். பஞ்சாட்சரத்துக்கு அது தலைகீழ் வேலை. யார் கையில் இப்போது இருக்கிறதோ அங்கே பிடித்து, பின்னால், பின்னால், மூலம் வரைக்கும் போவதுதான் முறை. அதனால் அவருடைய திட்டம் இந்த வருடத்தில் ஆரம்பித்துக் கொலம்பஸை நோக்கி நடந்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரை படிப்பு. மூன்று வாரத்தில் படித்து முடியாது, ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியலையாவது முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். மகளுக்கு முதல் உத்தரவு பறந்தது: நாலு எல்லை அனுப்பு.

நாலு எல்லையும் மறுநாள் காலை வந்து சேர்ந்தன. நேதன் கையாலேயே வரைந்த படம். தெற்கே கடல். நடுவில் ஒரு ஏரி, ஏரியில் இருந்து கடலுக்கு ஓடும் ஆறு. ஓரத்தில் சின்ன எழுத்தில், வசந்த காலத்தில் கடல் மீன்கள் இந்த ஆற்றில் ஏறி ஏரிக்கு முட்டையிட வரும், அவற்றை நான் நின்று எண்ணுவேன் என்று எழுதியிருந்தான்.

"மீன் எண்றதுலாம் ஒரு உத்தியோகமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"நீங்க அடுத்தவன் வூட்டு சென்ட்ட எண்ணலயா?" என்றாள் சம்பூர்ணம்.

இளவரசி அங்கிருந்து கட்டுக் கட்டாக அனுப்பினாள். கீழே ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். முதல் வாரம் சோதனைதான். இந்தக் காலத்து அமெரிக்கப் பேராசிரியர்களின் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு தரம் அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வேடிக்கை. முந்நூறு வருடத்துக் கோர்ட்டுத் தீர்ப்பு, மனு, உயில் என்று பழைய தாள் வந்தால் மனுஷர் தண்ணீர் குடிக்கிற மாதிரி படித்தார். பின் வருமாறு, மேற்படி, இதன்மூலம், சாட்சிகள் முன்னிலையில்... முப்பத்திரண்டு வருடமாக அவர் புழங்குகிற இங்கிலீஷ் அதுதானே! வெள்ளைக்காரன் நம்மிடம் விட்டுப் போன பத்திர இங்கிலீஷும் அங்கே கொண்டு போன பத்திர இங்கிலீஷும் கூடப் பிறந்தவை. பேராசிரியர்களை விட்டுவிட்டு நேராக ஆதாரங்களுக்குப் போவது என்று திட்டத்தை மாற்றி எழுதினார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தலை கிறுகிறுக்க ஆரம்பித்தது.

ஆயிரத்து அறுநூற்று இருபதில் ஒரு கப்பல் வந்தது. அதில் வந்தவர்களை யாத்திரிகர்கள் என்று போட்டிருந்தது. கோயில் ஊர்க்காரர் அல்லவா, எந்தக் கோயிலுக்கு யாத்திரை என்று தேடி இரண்டு பக்கம் புரட்டினார். கோயிலும் இல்லை, குளமும் இல்லை. வந்தவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. இறங்கிய இடத்தில் உழுது பதப்படுத்திய வயல் இருந்தது, ஊர் இருந்தது, ஆட்கள்தான் இல்லை. மூன்று நாலு வருடம் முன்னால் ஏதோ கொள்ளை நோய் வந்து அந்தக் கடலோரத்தையே வாரிக்கொண்டு போயிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி விடாமல் நின்று போய், வீடெல்லாம் திறந்து கிடந்து, வெளியூர்க்காரன் உள்ளே நுழைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தக் குளிரில் கப்பலில் வந்தவர்களிலும் பாதிப் பேர் செத்தார்கள். வசந்தத்தில் காட்டுக்குள் இருந்து அந்த மண்ணின் ஆள் ஒருவன் தனியாக நடந்து வந்து, மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, மீன்பிடிக் கப்பல்காரர்களிடம் கற்றிருந்த இங்கிலீஷிலேயே வாங்க என்றானாம்.

"இங்கிலீஷ்ல!" என்று கத்தினார் பஞ்சாட்சரம். "சம்பூர்ணம், கேட்டியா? இங்கிலீஷ்ல வாங்கன்னு கூப்ட்டிருக்கான்!"

"எல்லாத்தயும் பறிகொடுத்துட்டு வாங்கன்னு சொன்னானா?" என்றாள் அவள். தறியில் ஊடை நூலைக் கொண்டு போகும் ஓடத்தை ஓட்டாமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி இரண்டாவது வாரம். ரூத் எப்படிப்பட்டவர் என்று கேட்டதற்கு மகள் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு வயசுல தாய்மொழியக் கத்துக்கினாங்கபா. அவங்க பாட்டிக்குக்கூட அந்த பாஷை தெரியாது. அதைப் பேசுறவங்க நூத்தம்பது வருஷமா ஒருத்தருமே இல்ல. செத்துப்போன பாஷைன்னு எழுதி வெச்சுட்டாங்க. இப்போ சின்னக் குழந்தைங்க பேசுது."

"செத்த பாஷை எப்படிம்மா திரும்பும்? கேக்கறதுக்கு ஆள் இல்லையே."

"கடுதாசி இருந்துச்சே. பைபிள அந்தக் காலத்துலயே அவங்க பாஷைல அச்சடிச்சிருந்தாங்க. அதோட இவங்களே எழுதின கடிதம், உயில்... அப்புறம் நெலப் பத்திரம்பா. அதான் நெறைய. அதையெல்லாம் வெச்சு ஒவ்வொரு வார்த்தையா எழுப்பினாங்க."

"பத்திரமா?" பஞ்சாட்சரம் எழுந்து நின்றுவிட்டார். "பத்திரம் எழுதறவன் எழுதினதுல இருந்தா?"

அன்றைக்கு ஆபீசில் அவருக்கு வேலை ஓடவில்லை. திருப்புட்குழிக்காரர் ஒருவரின் கிரயப் பத்திரம் பாதியில் நின்றது. தாம் எழுதியவை எத்தனை ஆயிரம் இருக்கும் என்று நினைத்தார். நாளைக்கே தமிழுக்கு ஒரு கேடு வந்து, எல்லாம் அழிந்து, பஞ்சாட்சரம் எழுதிய பத்திரங்கள் மட்டும் மிஞ்சினால்? அதை வைத்துத்தானே பிள்ளைகள் பேசப் பழகும்? குழந்தையைக் கொஞ்சுவதுகூட "மேற்படி குழந்தை" என்றுதான் இருக்கும்! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. திருப்புட்குழிக்காரர் பயந்துபோய், "என்னங்க, நெலத்துல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை ஓரிக்கைக்குப் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னார். "கோதாவரின்னு சொன்னேன் இல்லக்கா, அதுல ஒரு பிழைதிருத்தல் இருக்குது." முழுக்கதையையும் கேட்டுவிட்டு மணியம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்தாள். "அப்போ அந்த ஊரே அவங்களுதுதானா? மத்தவங்கலாம் அப்புறம் வந்தவங்களா?" என்றாள். "ஆமாக்கா." "பெரிய எடத்து சம்பந்தம்னு சொல்லு" என்று முடித்துவிட்டாள். உறவுக்காரர்களுக்கு அதைவிட நல்ல பதில் பஞ்சாட்சரத்துக்கே தோன்றியிருக்காது.

ஆனால் அவருக்கு இன்னும் ஒன்று குறைந்தது. நோட்டில் பின்னாலே போய்க்கொண்டே இருந்தார். நிலம் கைமாறிய கதைகள் நிறையக் கிடைத்தன. ஊரார் கொடுத்த மனுக்கள், கேட்கப்படாத மனுக்கள், கூறு போட்டு விற்றது, விற்கக் கூடாது என்று சண்டை போட்டது. மூலப்பத்திரம் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் பன்னிரண்டாயிரம் வருடத்துக்கு, ஆயிரத்துக்கு ஒரு பக்கம் என்று, நோட்டில் பன்னிரண்டு பக்கம் விட்டார். கப்பல் வந்ததில் இருந்து இன்று வரைக்கும் எல்லாமாகச் சேர்ந்து அரைப் பக்கம்கூட வராது. அந்த அளவில் பார்த்தால் வாஷிங்டன் ஒரு வரி. அந்தப் பன்னிரண்டு வெள்ளைப் பக்கங்களைப் புரட்டப் புரட்ட, கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. தமக்குள் "சிவசிவா" என்றார்.

"மூலம் எங்க?" என்று தினமும் மகளைப் பிடுங்கினார். வெள்ளிக்கிழமை, பேச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அனுப்பினாள். அச்சில் ஏற்றிய பழைய பதிவு. ஆயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து. அந்தப் பக்கத்து ஊர்த் தலைவர்கள் இரண்டு பேர், வெள்ளைக்காரன் கடுதாசியில், வெள்ளைக்காரன் பாஷையிலேயே எழுதி வைத்தது. பஞ்சாட்சரம் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு, விரலை வைத்துப் படித்தார். இந்த நிலம் இந்த மக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்றென்றைக்கும். அவர்கள் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் எவரும் இதைக் கொடுக்கவோ, விற்கவோ, பராதீனம் செய்யவோ கூடாது.

மறுபடி படித்தார். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று அவர் தினமும் எழுதுகிறாரே, அதேதான். பராதீனம், அதாவது பிறர் கைக்கு மாற்றுவது, அதுகூட அதேதான். ஆனால் அவர் எழுதுவதெல்லாம் பிரிகிற பத்திரம். கிரயம், பாகப்பிரிவினை, விடுதலை. எடுத்துக்கொள், போ, எனக்கும் இதற்கும் இனி சம்பந்தம் இல்லை. இது அப்படி இல்லை. யாரும் பிரியக் கூடாது என்பதற்காக ஒரு பத்திரம். அதற்கு அவரிடம் மாதிரிப் படிவமே கிடையாது. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பத்திரத்தின் முன்னால் எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கும்பிட்டார்.

சாயந்திரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனார். சாமி கும்பிட்டுவிட்டு மதில் ஓரமாக வந்தவர், கல்வெட்டுப் பக்கத்தில் நின்றார். சின்ன வயதில் இருந்து அதில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்றிருக்கிறார். அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும்: இன்னாருக்கு இன்ன நிலம், நாலு எல்லை, சந்திரன் சூரியன் உள்ளவரை. எந்தப் பத்திர எழுத்தரோ சொல்லச் சொல்ல எந்தக் கைகளோ செதுக்கியவை. விரலால் தடவிப் பார்த்தார். கல் வெயிலில் காய்ந்து இன்னும் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு டிவியில் வீடியோவைப் போட்டுவிட்டு, வெளுத்த வேட்டி சட்டையில் உட்கார்ந்தார். மடியில் நோட்டு. கையில் ஒரு தாளில் இருபத்திரண்டு கேள்வி. பக்கத்தில் சம்பூர்ணம், தானே நெய்த அரக்குப் புடவையில். அங்கே காலை ஒன்பதரை. திரையில் இளவரசி, அவள் பக்கத்தில் நேதன், நடுவில் நரைத்த கூந்தலை இரண்டு பக்கமும் பின்னிவிட்ட ஒரு அம்மாள். ரூத் முதலில் தன் பாஷையில் ஏதோ சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைப்பதுபோல். நூற்றைம்பது வருடம் கடுதாசியில் படுத்துக் கிடந்த சொற்கள் பிள்ளையார்பாளையத்துக் கூடத்தில் ஒலிப்பதைக் கேட்டுப் பஞ்சாட்சரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு ரூத் இங்கிலீஷுக்கு வந்தார். பஞ்சாட்சரம் தம்முடைய தாளை எடுத்தார். ஆனால் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நான் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. எங்கள் ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு பிள்ளை வெளியே போனால் எங்களுக்கு அது பெரிய கணக்கு. உங்கள் ஊர் பெரியது, உங்கள் ஜனம் கோடிக்கணக்கு. உங்கள் மகள் என் பையனை அங்கே அழைத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களிடம் இருந்து எல்லாம் போயிருக்கிறது. இவனும் போய்விடுவானா?"

பஞ்சாட்சரம் எடுத்த தாளைக் கீழே இறக்கினார். மூன்று வாரமாகத் தாம்தான் வில்லங்கம் பார்க்கிறோம், தாம்தான் சம்மதம் கொடுக்க வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! தம்மிடம் வந்து உட்கார்ந்த அதே பயம் உலகத்தின் அந்தக் கோடியில் இன்னொருவரிடமும் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இளவரசி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

கையில் இருந்த கேள்வித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மனப்பாடம் ஆகியிருந்தது ஒன்றுதான். அதைத்தான் சொன்னார், அந்தப் பழைய இங்கிலீஷிலேயே, நீதிபதி முன்னால் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி: "அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்றென்றைக்கும். கொடுக்கவோ, விற்கவோ, எவராலும் பராதீனம் செய்யப்படவோ கூடாது..."

மூச்சு வாங்க நிறுத்தினார். ரூத்தின் கண்கள் அகன்றன. அந்த வரியின் மிச்சத்தை அவர் சொன்னார், எந்தத் தாளையும் பார்க்காமல், சின்ன வயதிலிருந்தே தெரிந்த பாட்டின் அடியைச் சொல்வதுபோல்.

"அவர்கள் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல்."

நேதன் அம்மாவின் தோளில் கை வைத்தான். இளவரசி அழுதுகொண்டிருந்தாள். பஞ்சாட்சரத்தின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைக்கவும் தோன்றவில்லை.

"உங்கள் பையனை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் அம்மா" என்றார். "என் பெண்ணையும் நீங்கள் வைத்துக்கொண்டுவிடக் கூடாது. இரண்டு ஊரும் இரண்டு பேருக்கும். என் சம்மதம் இருக்கிறது. உங்கள் சம்மதம்?"

ரூத் ஒரே ஒரு சொல் சொன்னார். இங்கிலீஷ் இல்லை.

"ஆமான்னு சொல்றாங்கபா" என்றாள் இளவரசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இரு, இரு. இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு. மெதுவா." பஞ்சாட்சரம் நோட்டைத் திறந்து, வெறுமையாக விட்டிருந்த பன்னிரண்டு பக்கங்களில் முதல் பக்கத்துக்குப் போனார். ரூத் சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில், எழுத்து எழுத்தாக, முத்து முத்தாக எழுதிக்கொண்டார்.

சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, வில்லங்கம் இல்லன்னு எழுதிடலாமா?"

"எழுதலாம். ஆனா படிப்பு முடியல" என்றார் அவர். "இன்னும் பதினோரு பக்கம் காலியா இருக்குது."